முதலில் எஃப்12, அப்புறம்தான் பயாஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களின் தினுசே மாறிவிட்டது. “எந்த ஆன்டிவைரஸ் நல்லது?” என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது “பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்புவது எப்படி?” என்று கேட்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த ஒரே சங்கதிதான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என்னிடம் 2016-இல் வாங்கிய டெல் மடிக்கணினி இருக்கிறது. இதில் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வந்தபோது விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். “பயாஸுக்குள்ள போய் பூட் ஆர்டரை மாத்துங்கப்பா, ஈஸிதான்” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். உள்ளே போய்ப் பார்த்தால் நீலத் திரையில் புரியாத ஆங்கிலம். எதையாவது தொட்டு, கணினியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. – மயிலாடுதுறை வாசகர்

ப: சார், நீங்கள் பயாஸுக்குள் போகவே வேண்டாம். மகன் சொன்ன வழியிலும் தப்பில்லை. ஆனால் ஒரு தடவை பென் டிரைவிலிருந்து கிளப்பிப் பார்ப்பதற்கு அது சுற்றுவழி.

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் வந்துவிடுவதில்லை. அதற்கு முன்னால், மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பில் இருக்கும் மென்பொருள் எழுந்துகொள்கிறது. பயாஸ் என்பது அதுதான். மெமரி சரியாக இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் எங்கே இருக்கிறது என்று தேடப் போகிறது. அது தேடும் வரிசைதான் பூட் ஆர்டர். ரேஷன் கடை வரிசை மாதிரி: முதலில் நிற்பவரிடம் கார்டு இல்லையென்றால்தான் அடுத்தவருக்கு முறை. உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க் முன்னால் நிற்கிறது, அதனிடம் கார்டும் இருக்கிறது. பின்னால் நிற்கும் பென் டிரைவை யாரும் கூப்பிடுவதேயில்லை.

மகன் சொன்னது இந்த வரிசையையே நிரந்தரமாக மாற்றும் வேலை. மாற்றிவிட்டால், பின்னொரு நாள் பேரப்பிள்ளை ஏதோ ஒரு பென் டிரைவைச் செருகி வைத்திருக்கும்போது ஆன் செய்தாலும் கணினி முதலில் அதைத்தான் போய்த் தட்டும். எனக்கு அது பிடிக்காது. ‘இந்த ஒரு தடவை மட்டும் எதிலிருந்து கிளம்ப வேண்டும்?’ என்று கேட்கும் பட்டியல் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் இருக்கிறது. டெல்லில் அதற்கு எஃப்12.

செய்ய வேண்டியது இதுதான். பென் டிரைவை முதலிலேயே செருகிவிடுங்கள். பட்டியல் வந்த பிறகு செருகினால் பெரும்பாலும் அதில் பெயர் வராது. விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் வேண்டாம், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். திரை கறுத்ததும் எஃப்12-ஐத் தட்டத் தொடங்குங்கள். அழுத்திப் பிடிக்கக் கூடாது. வினாடிக்கு இரண்டு தட்டு, அவ்வளவுதான். விரலை எடுக்காமல் பிடித்திருந்தால் சில கணினிகள் கீ மாட்டிக்கொண்டதாக நினைத்து பீப் போடும். டெல் என்ற எழுத்து மறைந்ததும் ஒரு பட்டியல் வரும். அதில் யூஇஎஃப்ஐ என்ற சொல்லோடு உங்கள் பென் டிரைவின் பெயர், சாண்டிஸ்க் என்றோ கிங்ஸ்டன் என்றோ, இருக்கும். மவுஸ் அங்கே வேலை செய்யாமல் போகலாம். அம்புக்குறியால் அந்த வரிக்குப் போய் என்டர் தட்டுங்கள்.

கொஞ்ச நேரத்தில் மின்ட் வந்துவிடும். அது ஓடுவது பென் டிரைவிலும் மெமரியிலும்தான். திரையில் இருக்கும் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ ஐகானைத் தொடாத வரை நிறுவும் வேலை எதுவும் தொடங்காது. ஒரு வாரம் இப்படியே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா? எல்லாம் சரி என்று மனசுக்குப் பட்ட பிறகு இன்ஸ்டால் பற்றி யோசிக்கலாம்.

ஷட் டவுன் ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? விண்டோஸ் 8-இல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. தன் பாதி நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கம் போடுகிறது. அந்த நிலையில் மின்ட்டிலிருந்து சி டிரைவைத் திறந்தால் பார்க்க மட்டும் விடும், எழுத விடாது; சில சமயம் திறக்கவே மறுக்கும். ரீஸ்டார்ட்தான் உண்மையான முழு அணைப்பு.

தொட்டால் போய்விடுமா என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பயாஸில் எதை மாற்றினாலும், சேமிக்காமல் வெளியே வந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. வெளியேறும்போது சேமிக்கட்டுமா என்று அதுவே கேட்கும். உள்ளே போகத்தான் வேண்டும் என்றால், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே கணினியைச் சாகடிக்கக்கூடியது பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போவது. அது வேறு வேலை. நீங்கள் அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

கே: எங்கள் வீட்டில் ஒரு ஹெச்பி, ஒரு லெனோவோ. எதிலும் எஃப்12-ஐத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. – காரைக்குடி வாசகி

ப: ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கீ அம்மா. இதில் ஒற்றுமையே கிடையாது. ஹெச்பியில் எஸ்கேப் கீயைத் தட்டினால் ஒரு ஸ்டார்ட்அப் மெனு வரும். அங்கிருந்து எஃப்9 பூட் பட்டியல், எஃப்10 பயாஸ். லெனோவோவில் எஃப்12 சரிதான். ஆனால் இப்போதைய மடிக்கணினிகளில் மேல்வரிசைக் கீகள் ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலைக்குப் போய்விட்டன. ஃபங்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டு எஃப்12-ஐத் தட்டிப் பாருங்கள்.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால், ஐடியாபேட் வகையாக இருந்தால், ஓரத்தில் ஒரு ஊசித்துளை இருக்கிறதா என்று தேடுங்கள். சிலர் அதை மைக் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணினி அணைந்திருக்கும்போது சிம் கார்டு ஊசியை அதற்குள் விட்டு மெதுவாக அழுத்தினால் கணினி தானே ஆன் ஆகி, நோவோ மெனு என்ற பட்டியலைக் காட்டும். பூட் மெனு அதில் ஒரு வரி. கீபோர்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இப்படி ஒரு துளையை எல்லாக் கம்பெனியும் வைக்கக் கூடாதா என்று எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

மற்றவர்களுக்காக: ஆசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப். டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டின் பெயரைப் பாருங்கள். ஜிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐயிலும் ஏஎஸ்ராக்கிலும் எஃப்11, ஆசுஸ் போர்டில் எஃப்8. இவற்றில் பயாஸுக்குள் போக டெலீட் கீ. டெஸ்க்டாப்புக்கு ப்ளூடூத் கீபோர்டு வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்கு மட்டும் வயர் கீபோர்டு ஒன்றைக் கடன் வாங்குங்கள். விண்டோஸ் வருவதற்கு முன் ப்ளூடூத் இணைப்பு பெரும்பாலும் கிடைக்காது.

எந்தக் கீயும் பிடிபடவில்லையா? விண்டோஸுக்குள் இருந்தே போக ஒரு வழி உண்டு. ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். நீலத் திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்று வந்தால் அதற்குள் பென் டிரைவ் இருக்கும். பயாஸுக்கே போக வேண்டுமானால் அதே திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்.

கே: அண்ணா, என்னுடையது ஏசர் ஆஸ்பயர். எஃப்12 வேலை செய்யவில்லை. எஃப்2-வில் உள்ளே போனேன், செக்யூர் பூட்டை மாற்றலாம் என்றால் அந்த வரியே சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. – கல்லூரி மாணவர், திருச்சி

ப: தம்பி, ஏசரில் அந்தப் பட்டியலை அணைத்துவைத்தேதான் விற்கிறார்கள். எஃப்2-வில் உள்ளே போய், மெயின் பக்கத்தில் ‘எஃப்12 பூட் மெனு’ என்ற வரியை எனேபிள்டு ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமித்துவிட்டு வாருங்கள். இனி எஃப்12 பேசும்.

செக்யூர் பூட்டை எதற்குத் தொடுகிறீர்கள்? கையொப்பம் இல்லாத பூட் நிரலை ஓடவிடாமல் தடுக்கிற காவல் அது. உபுண்டு, ஃபெடோரா, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகள் எல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்ற சின்ன நிரலோடுதான் வருகின்றன. டெபியனும் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். இவற்றுக்கு அதை அணைக்கத் தேவையில்லை. யூடியூபில் யார் வீடியோ போட்டாலும் முதல் வேலையாக ‘செக்யூர் பூட் டிசேபிள்’ என்று ஆரம்பிக்கிறார்கள். அது பழைய காலத்துப் பழக்கம்.

அப்படியும் அணைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், ஏசரில் செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று போட்டால்தான் அந்த வரி உயிர்பெறும். வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். போட்டுவிட்டு மறந்தவர்கள் என் கடைக்கு வருகிறார்கள், அழாத குறையாக.

ஹெச்பி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் செக்யூர் பூட்டை அணைத்தால் அடுத்த ஸ்டார்ட்டில் கறுப்புத் திரையில் நான்கு இலக்க எண்ணைக் காட்டி, அதைத் தட்டி என்டர் கொடுக்கச் சொல்லும். தட்டும் எண்கள் திரையில் தெரியாது, தட்டுவதற்குக் கட்டமும் இருக்காது. கணினி தொங்கிவிட்டது என்று பவரை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். தெரியாவிட்டாலும் தட்டி என்டர் கொடுங்கள், போகும்.

கே: பூட் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை வருகிறது. ஒன்றில் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? – நாகர்கோவில் வாசகர்

ப: யூஇஎஃப்ஐ என்று இருப்பதை. 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த பழைய பயாஸ் முறை ஒன்று, இன்டெல் தொடங்கி 2005 முதல் ஒரு கூட்டமைப்பு பராமரிக்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐ மற்றொன்று. இரண்டும் தெரிந்த கணினி இரண்டு வரி காட்டுகிறது. நாம் எல்லாவற்றையும் பேச்சுவழக்கில் பயாஸ் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம், பரவாயில்லை.

எதை எடுத்தாலும் பென் டிரைவ் கிளம்பிவிடலாம். சிக்கல் இன்ஸ்டால் செய்யும்போதுதான். டிஸ்க்கைப் பாகம் பிரித்துக் கணக்கு வைக்கும் முறையும் இரண்டு: பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. பழைய வரியில் கிளம்பி விண்டோஸ் ஏற்றப் பார்த்தால், ‘இந்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் நிறுவ முடியாது’ என்று முரண்டு பிடிக்கும். உடனே சிலர் டிஸ்க்கையே ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள், உள்ளே குடும்பப் படங்கள் இருப்பதை மறந்து. செய்ய வேண்டியது வெளியே வந்து யூஇஎஃப்ஐ வரியில் மறுபடி கிளப்புவதுதான். லினக்ஸும் விண்டோஸும் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டுமானால், விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில் லினக்ஸையும் ஏற்றுங்கள். இல்லையென்றால் இரண்டையும் மாற்றி மாற்றித் தொடங்கப் பெரும்பாடு படவேண்டும். பழைய எம்பிஆர் முறையின் இன்னொரு குறை, வழக்கமான டிஸ்க்கில் 2 டெராபைட்டுக்கு மேலுள்ள இடத்தைக் கணக்கில் எடுக்கவே முடியாது என்பது.

கே: ஐஎஸ்ஓ ஃபைலை பென் டிரைவில் காப்பி செய்தேன். பட்டியலில் வரவே இல்லை. – விழுப்புரம் வாசகர்

ப: வராது. ஐஎஸ்ஓ என்பது இன்ஸ்டால் டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக மடித்து வைத்தது. ஃபைலாகக் கிடக்கும் அதற்குள் கணினி நுழைந்து பார்ப்பதில்லை. அதைப் பென் டிரைவில் எழுத ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் போதும். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் பென் டிரைவைத் திறந்தால் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டரும் அதற்குள் பூட் என்ற ஃபோல்டரும் இருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ தேடிப்போவது அதைத்தான். அடிக்கடி வெவ்வேறு ஐஎஸ்ஓக்களை ஓட்டிப் பார்ப்பவர் என்றால் வென்டாய் என்ற மென்பொருளைப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் செய்தது மாதிரியே காப்பி செய்தால் போதும்.

கே: பென் டிரைவிலிருந்து கிளப்புவதற்காக செக்யூர் பூட்டை அணைத்தேன். இப்போது விண்டோஸைத் திறந்தால் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைத்ததில்லை. கணக்கு வழக்கு எல்லாம் உள்ளே இருக்கிறது. அவசரம்! – கோவை வாசகர்

ப: முதலில் எதையும் ரீசெட், ஃபார்மட் என்று அழுத்தாதீர்கள். யாராவது ‘நான் உடைத்துத் தருகிறேன்’ என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 11 கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போது, ஹோம் பதிப்பில்கூட, பல கணினிகளில் அது தானாகவே பூட்டிக்கொள்கிறது. சாவி மதர்போர்டிலுள்ள டிபிஎம் சிப்பில் இருக்கிறது. கணினி கிளம்பும் விதம் முன்பு போலவே இருந்தால் மட்டும் அந்தச் சிப் சாவியைக் கொடுக்கும். நீங்கள் செக்யூர் பூட்டை அணைத்ததும், ‘இது ஏதோ வேறு ஆள்’ என்று கையை இழுத்துக்கொண்டுவிட்டது. திருடனாக இருந்தாலும் அதே மரியாதைதான். அதற்குத்தானே வைத்தது?

பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டைப் பழையபடி எனேபிள்டு செய்யுங்கள். வேறு எதையாவது மாற்றியிருந்தால் அதையும் திருப்புங்கள். பெரும்பாலும் அதோடு விண்டோஸ் ஒன்றும் கேட்காமல் திறந்துவிடும். திறக்கவில்லையென்றால் செல்போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், டிவைசஸ் பகுதியில் இந்தக் கணினிக்குக் கீழே பிட்லாக்கர் ரிகவரி கீ இருக்கிறதா பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுங்கள். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்கள். கணினி அலுவலகத்துக் கணக்கில் தொடங்கியதாக இருந்தால் சாவி அலுவலக ஐடி பிரிவிடம் இருக்கலாம்.

கடிதம் எழுதாத மற்றவர்களுக்கு: பயாஸில் கை வைக்கும் முன் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். கணினியிலேயே சேமித்து வைத்துப் பிரயோஜனமில்லை.

கே: இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே காட்டவில்லை. புது மடிக்கணினிதான். – சேலம் வாசகி

ப: இன்டெல் 11-ஆம் தலைமுறையோ அதற்குப் பிறகோ என்றால் டிஸ்க்கை இன்டெல்லே நிர்வகிக்கும் விஎம்டி என்ற செட்டிங்தான் காரணமாக இருக்கும். அதை அணைத்தால் டிஸ்க் தெரியும். ஏசரில் அந்த வரி ஒளிந்திருக்கிறது. மெயின் பக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும். ஆனால் இப்போதிருக்கும் விண்டோஸை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் சட்டென்று அணைக்காதீர்கள். அது கிளம்பாமல் போய்விடும். புதிதாக விண்டோஸ் ஏற்றுபவர்கள், விஎம்டியைத் தொடாமல், கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் வைத்து, இன்ஸ்டால் திரையில் ‘லோட் டிரைவர்’ கொடுத்தாலே போதும்.

கே: பழைய டெஸ்க்டாப். பூட் ஆர்டரை எத்தனை தடவை மாற்றினாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. தேதியும் தப்பு. – புதுக்கோட்டை வாசகர்

ப: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, எழுத்து இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். பாங்க் வெப்சைட் எல்லாம் ‘பாதுகாப்பில்லை’ என்று மிரட்டிக்கொண்டிருந்தால் அதுவும் சரியாகும். தேதி தப்பாக இருந்ததுதான் அதற்குக் காரணம்.

கே: ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் மடிக்கணினி வாங்கினேன். விண்டோஸ் ஓடுகிறது. ஆனால் பயாஸுக்குள் போகப் பாஸ்வேர்டு கேட்கிறது. செல்லைக் கழற்றினால் போய்விடும் என்கிறார்களே? – சென்னை வாசகர்

ப: பழைய டெஸ்க்டாப்பில் போகும். அதற்கென்று போர்டிலேயே ஜம்பர் என்ற சின்ன இணைப்பு இருக்கும். மடிக்கணினியில், அதிலும் கம்பெனிகள் மொத்தமாக வாங்கி வெளியே தள்ளும் மாடல்களில், பாஸ்வேர்டு கரண்ட் இல்லாமலேயே நினைவில் வைத்திருக்கும் சிப்பில் இருக்கிறது. செல்லைக் கழற்றி ஒரு மாதம் வெயிலில் காயவைத்தாலும் போகாது. விற்ற கடைக்கே கொண்டுபோய் எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் பேச்சுத் திறமைதான்.

இனி வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் ஆன் செய்து வால்பேப்பரைக் காட்டியதும் தலையாட்டாதீர்கள். ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, அந்த மாடலுக்கு உரிய கீயைத் தட்டி, பயாஸ் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கிறதா என்று பாருங்கள். கையோடு ஒரு மின்ட் பென் டிரைவைக் கொண்டுபோய் அதிலிருந்து கிளப்பியும் பாருங்கள். கீபோர்டு, வைஃபை, ஸ்பீக்கர், கேமரா எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு அனுமதிக்காத கடையில் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.